குதிரைவால் நரம்பு அழுத்தம்: கடலூர்த் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

தண்டுவடம் முடிந்த பிறகு முதுகெலும்புக் கால்வாய்க்குள் கற்றையாக இறங்கும் நரம்பு வேர்களுக்குக் குதிரைவால் என்று பெயர்; அவை நசுங்குவதே இந்த நோய். இது கற்பித்தலுக்காக எழுதப்பட்ட நிகழ்வு. குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. இந்த நோய் வந்தவர்களிடம் வழக்கமாகக் காணும் அறிகுறிகளையும் அளவுகளையும் ஒரே நோயாளியிடம் சேர்த்துக் கோத்திருக்கிறோம். முதுகுவலி நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவர்களும், செவிலியர்களும், இயன்முறை மருத்துவர்களும் படிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

நோயாளியும் மூன்று நாட்களும்

ஆண், வயது 41. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படகிலிருந்து மீன் இறக்குவதும் ஐஸ் போட்ட பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதும் தொழில். சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. நான்கு மாதமாக இடுப்பு வலி. இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுக்கும். அவ்வப்போது மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். இரண்டு முறை சுளுக்கு வழித்துக்கொண்டதாகவும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை 5 மணி. குனிந்து பெட்டியைத் தூக்கியபடியே இடப்பக்கம் திரும்பியபோது இடுப்பில் படக்கென்று ஒரு சத்தம். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காலை 9 மணிக்கு ஒரு கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அன்று இரவு வலி இரண்டு கால்களிலும் இறங்கியது. இதுவரை ஒரு காலில் மட்டும் இருந்த வலி இரண்டு காலுக்கும் மாறியதுதான் இந்த நிகழ்வின் முதல் எச்சரிக்கை. அதை யாரும் கவனிக்கவில்லை.

புதன் காலை 9 மணிக்குச் சிறுநீர் கழிக்கப் போனவர் வெகுநேரம் நின்றார். முக்கினால்தான் வந்தது, அதுவும் நூல் போல. பிறகு வலிக்காகப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ‘எலும்பு நல்லா இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல’ என்று அனுப்பினார்கள். சொன்னது பொய் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க்கும் தெரியாது, நரம்பும் தெரியாது. சிறுநீர் பற்றி அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அன்று மாலை கால்வலி பாதியாகக் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உட்காரும் இடம் மட்டும் ‘மதமதன்னு’ இருப்பதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார். வியாழன் அதிகாலை 4 மணிக்குப் பாய் நனைந்திருந்தது. நனைந்தது அவருக்கே தெரியவில்லை. மனைவிதான் எழுப்பி, 108-ஐ அழைத்து, புதுச்சேரியில் நரம்பியல் அறுவை வசதியுள்ள மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிவந்தார். இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர்தான். அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது காலை 7 மணி. பெட்டி தூக்கி 50 மணி நேரம். சிறுநீர்த் தடை தொடங்கி 22 மணி நேரம்.

கேட்ட கேள்விகள்

இந்த நோயில் நோயறிதல் பெரும்பாலும் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கேள்வியை நம் மக்கள் பேசும் பேச்சில் கேட்க வேண்டும். ‘சிறுநீர்ப் பிரச்சினை உண்டா?’ என்றால் ‘இல்லீங்க’ என்றுதான் பதில் வரும். எரிச்சல், கடுப்பு என்று ஏதாவது இருந்தால்தான் அது பிரச்சினை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எரிச்சலும் இல்லை, வலியும் இல்லை, வெறுமனே வரவில்லை என்றால் ‘தண்ணி சரியா குடிக்கல’ என்று தாங்களே காரணம் சொல்லிக்கொள்வார்கள்.

இவரிடம் பேசியது இப்படிப் போனது.

‘அண்ணே, ஒண்ணுக்கு முட்டுதுன்னு தெரியுதா?’

‘நேத்து காலைல தெரிஞ்சுது டாக்டர். ராத்திரிலேருந்து தெர்ல.’

‘போகும்போது வர்றது தெரியுதா, இல்ல சத்தம் கேட்டுத்தான் தெரியுதா?’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘சத்தம் கேட்டுத்தான்.’

‘வெளிக்குப் போயிட்டுக் கழுவும்போது தண்ணி படுறது தெரியுதா?’

‘கையில படுது. அங்க படுறது தெர்ல.’

கடைசிக் கேள்வி பொன் போன்றது. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலின் உணர்வை நம் ஊரில் ஒவ்வொருவரும் தினமும் தண்ணீரால் தாமே சோதித்துக்கொள்கிறார்கள். கேட்டால் உடனே பதில் கிடைக்கும். பைக் ஓட்டுபவரிடம் ‘சீட்டுல உக்காந்தா பஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கா?’ என்று கேட்கலாம். செருப்பைப் பற்றியும் கேட்க வேண்டும்: செருப்பு கழல்வது தெரிந்தே கழல்கிறதா, தெரியாமல் கழல்கிறதா? தெரிந்தே கழன்றால் பாதத்தைத் தூக்கும் தசை பலவீனம். தெரியாமலே கழன்றால் உணர்வு போயிருக்கிறது. இவருக்கு இடது கால் செருப்பு தெரிந்தே கழன்றது.

பெண்களிடம் இதே கேள்விகளை ஒரு செவிலி, திரைக்குப் பின்னால், ‘அக்கா’ என்று அழைத்துக் கேட்டால் உண்மை வெளிவரும். கணவரும் மாமியாரும் சுற்றி நிற்கும்போது கேட்டால் வராது. உடலுறவின்போது உணர்வு எப்படி இருக்கிறது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். அதுவும் அதே நரம்புகளின் வேலை.

பரிசோதனை

தசை வலிமையை 0 முதல் 5 வரையிலான அளவில் பார்த்தோம். இடுப்பு மடக்குதல், முழங்கால் நீட்டுதல் இரு பக்கமும் 5. கணுக்காலை மேலே தூக்குதல் வலம் 4, இடம் 3. பெருவிரலை மேலே தூக்குதல் வலம் 3, இடம் 2. பாதத்தைக் கீழே அழுத்துதல் வலம் 4, இடம் 3. முழங்கால் அனிச்சை இரு பக்கமும் உண்டு. கணுக்கால் அனிச்சை இரு பக்கமும் இல்லை. உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழவில்லை.

ஊசிமுனை உணர்வை, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் முனையால், தொடையின் பின்புறத்தில் தொடங்கி ஆசனவாயை நோக்கி உள்ளே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இடம் வேறு, வலம் வேறு. பஞ்சால் தொட்டு மட்டும் பார்த்துவிட்டு ‘உணர்வு உண்டு’ என்று எழுதுவது பெரிய தவறு. தொடு உணர்வு மிஞ்சியிருக்கும்போதே ஊசிமுனை உணர்வு போயிருக்கலாம். இவருக்கு இடப்பக்கம் எஸ்3 முதல் எஸ்5 வரை, அதாவது கடைசிச் சேக்ரல் நரம்புகள் போகும் ஆசனவாயைச் சுற்றிய தோலில், அறவே இல்லை. வலப்பக்கம் மந்தமாக, ஆனால் இருந்தது. வலப்பக்கம் மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்சம் உணர்வே, பின்னால் சிறுநீர்ப்பை மீண்டுவரும் என்று நம்புவதற்கு இருந்த ஒரே ஆதாரம்.

ஆசனவாய்ச் சுருக்குத்தசையை விரலால் பார்க்கும்போது ‘தளர்வா, இறுக்கமா’ என்று மட்டும் எழுதினால் போதாது. தளர்வு என்பது பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும். ‘வெளிக்கு வர்றத அடக்குற மாதிரி இறுக்குங்க’ என்று சொல்லி, அவராக இறுக்க முடிகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது. இவரால் சற்றே இறுக்க முடிந்தது. எஸ்2 முதல் எஸ்4 வரையிலான அனிச்சை வளையத்தைச் சோதிக்கும் பல்போகாவர்னோசஸ் அனிச்சை வரவில்லை.

அடிவயிற்றில் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை உருண்டையாகத் தட்டுப்பட்டது. அழுத்தினாலும் வலி இல்லை. சிறுநீர் கழிக்கச் சொன்னதில் முக்கி 120 மி.லி. போனார். அதன்பின் அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பை 12 × 10.5 × 12 செ.மீ.; 0.52-ஆல் பெருக்கினால் சுமார் 786 மி.லி. மீதம். குழாய் போட்டபோது 810 மி.லி. வந்தது. போட்ட குழாயை மெல்ல இழுத்தால் ‘ஏதோ இழுக்குற மாதிரி இருக்கு’ என்றார். எங்கே என்று சொல்ல முடியவில்லை.

கழித்தபின் மீதம் 100 மி.லி.க்குக் கீழே இருந்தால் குதிரைவால் அழுத்தம் இருக்க வாய்ப்பு குறைவு. 200 மி.லி.யைத் தாண்டினால், வேறு காரணம் தெளிவாகத் தெரியாத வரை, எம்ஆர்ஐ எடுக்காமல் விடக்கூடாது. கேஸ் ஷீட்டில் ‘யூரின் பாஸ்டு’ என்று ஒரு வரி எழுதினால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. நிரம்பி வழிந்தாலும் அது ‘பாஸ்டு’தான். எவ்வளவு போனது, எவ்வளவு மிஞ்சியது என்று இரண்டு எண்களையும் எழுத வேண்டும்.

தண்டுவடம் எங்கே முடிகிறது

இவருக்கு எங்கே அடி என்று சொல்ல உடற்கூற்றியலுக்குப் போக வேண்டும். டி என்பது மார்புப் பகுதி, எல் என்பது இடுப்புப் பகுதி, எஸ் என்பது அதற்குக் கீழுள்ள சேக்ரல் பகுதி; எண் மேலிருந்து கீழாகப் போகும்.

கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்புக் கால்வாயின் அடி வரை நிறைந்திருக்கும். அதன்பின் எலும்பு வேகமாக வளர்கிறது, தண்டுவடம் பின்தங்குகிறது. பிறக்கும்போது அதன் நுனி எல்3 முள்ளெலும்பை ஒட்டி நிற்கிறது. வளர்ந்தவரிடம் எல்1–எல்2 இடையில் முடிகிறது. சிலருக்கு டி12 வரை மேலேயும், மிகச் சிலருக்கு எல்3-இன் மேல்விளிம்பு வரை கீழேயும் போகலாம். ஆண்களில் தண்டுவடத்தின் நீளம் சுமார் 45 செ.மீ.; முதுகெலும்பின் நீளம் சுமார் 70 செ.மீ. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்டுவடத்தின் கூம்பிய நுனிக்குக் கோனஸ் என்று பெயர். எஸ்2-க்குக் கீழான துண்டங்கள் அதில் அடங்கும். ஒரு ஜோடி நரம்பு வேர்கள் கிளம்பும் தண்டுவடப் பகுதியே ஒரு துண்டம். அதற்குச் சற்று மேலே எல்4 முதல் எஸ்1 வரையிலான துண்டங்கள் இருக்கும் பகுதி எபிகோனஸ். கோனஸின் நுனியிலிருந்து ஃபைலம் டெர்மினாலே என்ற மெல்லிய இழை சுமார் 20 செ.மீ. நீளம் இறங்கி வால் எலும்பில் போய் ஒட்டுகிறது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா உறை எஸ்2 வரை போகிறது. ஆக எல்2-இலிருந்து எஸ்2 வரை உறை உண்டு, திரவம் உண்டு, தண்டுவடம் இல்லை. இருப்பதெல்லாம் தத்தம் துவாரத்தைத் தேடிக் கீழே இறங்கும் நரம்பு வேர்கள். திரவத்தில் மிதந்தபடி கற்றையாகத் தொங்கும் இவற்றைத்தான் குதிரைவால், காடா ஈக்வினா என்கிறோம்.

முள்ளெலும்பின் எண்ணும் தண்டுவடத் துண்டத்தின் எண்ணும் ஒன்றல்ல என்பதில் மாணவர்கள் மட்டுமல்ல, அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: டி10 முள்நீட்சிக்கு நேரே எல்1, எல்2 துண்டங்கள், டி11-க்கு நேரே எல்3, எல்4, டி12-க்கு நேரே எல்5, எஸ்1, மீதமுள்ள சேக்ரல் துண்டங்கள் எல்லாம் எல்1 முள்ளெலும்புக்குள். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவருக்கு டி12, எல்1 எலும்புகள் நொறுங்குவது வழக்கம். அங்கே அடிபடுவது எபிகோனஸும் கோனஸும். எல்4–எல்5 டிஸ்க் எவ்வளவு பெரிதாகப் பிதுங்கினாலும் தண்டுவடத்தைத் தொடாது, வேர்களைத்தான் நசுக்கும். அறிக்கையில் எல்4–எல்5 என்று இருக்க, ‘தண்டுவடம் நசுங்கியிருக்கு’ என்று உறவினர்களிடம் சொல்வது தவறு. வேர்கள் புற நரம்பின் இயல்பு கொண்டவை; மீள அவற்றுக்கு ஓரளவாவது வாய்ப்பு உண்டு. தண்டுவடத்துக்கு அது மிகக் குறைவு.

கோனஸா, குதிரைவாலா? கோனஸ் மட்டும் அடிபட்டால் பாதிப்பு திடீரென்று, இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக, கால்வலி அதிகம் இல்லாமல், சிறுநீரும் உட்காருமிடமும் முதலிலேயே பாதிக்கப்பட்டு வரும். கால்களின் வலிமை பெரும்பாலும் தப்பும். எஸ்1 துண்டம் மேலே இருப்பதால் கணுக்கால் அனிச்சை மிஞ்சக்கூடும். எபிகோனஸும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் பாதம் தொய்வதோடு பெருவிரல் மேலே எழலாம். குதிரைவாலில் வலி கடுமையாக, ஒரு பக்கம் அதிகமாக, படிப்படியாக வரும். அனிச்சைகள் போகும், பெருவிரல் எழாது. இவருக்குக் கடுமையான கால்வலி, இடம்–வலம் வித்தியாசம், கணுக்கால் அனிச்சை இழப்பு, முழங்கால் அனிச்சை பத்திரம். எல்4 வேர் தப்பியிருக்கிறது, எல்5-இலிருந்து கீழே எல்லாம் மாட்டியிருக்கிறது. எல்4 வேர் தன் எலும்பின் தூணுக்கு அடியில், எல்4–எல்5 டிஸ்க்குக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது. எனவே அழுத்தம் எல்4–எல்5 டிஸ்க் மட்டத்தில், நடுவில். எம்ஆர்ஐ அறைக்குப் போகும் முன்பே இதை எழுதிவைக்க முடியும், எழுதிவைக்கவும் வேண்டும். அப்போதுதான் படத்தில் வேறு ஏதாவது வந்தால் ‘பொருந்தவில்லையே’ என்று மனம் கேட்கும்.

சிறுநீர் ஏன் நின்றது

எல்4–எல்5 மட்டத்தில் உறைக்குள் இறங்கிக்கொண்டிருப்பவை எல்5, ஐந்து சேக்ரல் வேர்கள், வால் எலும்புக்கான ஒரு காக்ஸிஜியல் வேர் என ஏழு ஜோடி. அடுத்து வெளியேறப் போகும் வேர் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். கடைசியில் வெளியேறப் போகும் எஸ்3, எஸ்4, எஸ்5 வேர்கள் நடுவில், பின்பக்கமாகக் கிடக்கும். டிஸ்க் ஓரமாகப் பிதுங்கினால் அடிபடுவது எல்5 மட்டும். ஒரு கால் வலி, அதோடு சரி. நடுவில் பிதுங்கினால் முன்னாலிருந்து தள்ளப்பட்ட சேக்ரல் வேர்கள் பின்னாலுள்ள மஞ்சள் தசைநாரிலும் எலும்பிலும் போய் முட்டி நசுங்கும். சிறுநீர்ப்பைக்குப் போகும் இழைகள் மெல்லியவை. கை கால் நரம்புகளுக்கு இருக்கும் தடித்த வெளி உறையும் வேர்களுக்குக் கிடையாது. ஊட்டத்தில் ஒரு பங்கை அவை சுற்றியுள்ள திரவத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. திரவம் வழிந்தோட இடமில்லாமல் போனால் ஊட்டமும் நிற்கிறது. பன்றிகளில் நடந்த ஆய்வுகளில் 5 முதல் 10 மி.மீ. பாதரச அழுத்தத்திலேயே வேரின் நுண்சிரைகள் அடைபடத் தொடங்கின. அது ஒரு சின்ன அழுத்தம்.

சிறுநீர்ப்பைக்கு மூன்று வழியாக நரம்பு போகிறது. பையைச் சுருக்கும் பாராசிம்பதெடிக் இழைகள் எஸ்2 முதல் எஸ்4 வரையிலிருந்து வருகின்றன. வெளிச் சுருக்குத்தசைக்கும் அந்த இடத்துத் தோலுக்கும் போகும் பியூடெண்டல் நரம்பும் அதே எஸ்2–எஸ்4. பையின் கழுத்தை மூடி வைக்கும் சிம்பதெடிக் இழைகளோ டி11 முதல் எல்2 வரையிலிருந்து, மிக மேலேயே வெளியேறிவிடுகின்றன. எல்4–எல்5 மட்டத்தில் நசுங்கும்போது முதல் இரண்டும் போகின்றன, மூன்றாவது தப்புகிறது. பை சுருங்காது, கழுத்து மூடியே இருக்கும், நிறைந்தது மூளைக்குத் தெரியாது. அதனால்தான் வலியில்லாத தேக்கம். பிறகு தாங்க முடியாமல் வழிதல். ‘சிறுநீர் கட்டுப்பாடு போய்விட்டதா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், வழியத் தொடங்கிய பிறகுதான் நோய் கண்ணில் படும். அதற்கு ஒரு நாள் முன்பே, முக்க வேண்டியிருந்தபோதே, பிடிக்க வேண்டிய நோய் இது.

வலி குறைந்ததும் இதே கணக்குதான். நசுங்கத் தொடங்கிய வேர் கத்தும். செயலிழந்த வேர் கத்தாது. கால்வலி குறைந்து, அதே நேரத்தில் மரப்பு பரவினால், அது குணமாவதன் அறிகுறி அல்ல. இந்த ஒரு வரியை ஒவ்வொரு முதுகுவலி நோயாளியிடமும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

கவனத்தைத் திருப்பும் காரணங்கள் பல. அறுபதைத் தாண்டிய ஆணென்றால் புராஸ்டேட். சர்க்கரை நோயாளி என்றால் நரம்புத் தளர்ச்சி. டிரமடால், அமிட்ரிப்டிலின் எடுத்துக்கொண்டிருந்தால் மருந்து. மருந்தாலோ புராஸ்டேட்டாலோ திடீரென்று அடைபட்டால் முட்டுவது நன்றாகத் தெரியும், வலியில் துடிப்பார். ஆசனவாயைச் சுற்றி ஊசிமுனை உணர்வு இயல்பாக இருக்கும். காய்ச்சல், எடை இழப்பு, இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் உயர்வு இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் சீழ்க்கட்டியையும் நினைக்க வேண்டும். இவருக்கு அவை எதுவும் இல்லை.

படம்

9.10-க்கு எம்ஆர்ஐ. எல்4–எல்5 டிஸ்க் நடுவில் கிழிந்து, உட்கூழ் வெளியேறி, எல்5 எலும்பின் பின்னால் இறங்கியிருந்தது. கால்வாயின் முன்–பின் அளவு பிறவியிலேயே 11 மி.மீ.தான், இடுப்புப் பகுதியில் 15 மி.மீ.க்கு மேல் இருப்பதே இயல்பு. டிஸ்க் ஆக்கிரமித்தது போக உறைக்கு மிஞ்சியது 4 மி.மீ. டி2 என்ற எம்ஆர்ஐ முறையில் எடுத்த குறுக்குப் படத்தில், வேர்களைச் சுற்றி வெள்ளையாகத் தெரிய வேண்டிய திரவம் ஒரு துளியும் தெரியவில்லை. கோனஸ் எல்1-இன் கீழ்விளிம்பில் முடிந்தது; நிறம் இயல்பு.

படம் எடுக்கும்போது டி10-இலிருந்து வால் எலும்பு வரை சேர்த்துக் கேட்க வேண்டும். ‘எல்எஸ் ஸ்பைன்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்து, எல்2-க்கு மேலே வெட்டப்பட்டு வந்தால், கோனஸில் கட்டி இருந்தாலும் தெரியாது. வயதானவர்களில் ஏதோ ஒரு டிஸ்க் எப்போதும் பிதுங்கியிருக்கும்; அதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும் ஆபத்து உண்டு.

எம்ஆர்ஐ வசதி இல்லாத இடத்தில் பார்ப்பவர் செய்யக்கூடியது: குழாய் போட்டு அளவை எழுதி, உணர்வுப் படத்தை வரைந்து, நேரத்தைக் குறித்து, உடனே அனுப்புவது. ‘நாளைக்கு ஓ.பி.க்குப் போங்க’ என்பது இந்த நோயில் மருத்துவம் ஆகாது. கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் போன்ற உயர்நிலை மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்த நோயில் நேரம் போவது பெரும்பாலும் சாலையில் அல்ல. வீட்டிலும், நோயாளி முதலில் போகும் இடத்திலும்தான்.

அறுவை

பகல் 2.20-க்குத் தோலில் கத்தி வைக்கப்பட்டது. சிறுநீர்த் தடை தொடங்கி ஏறத்தாழ 29 மணி நேரம், வழியத் தொடங்கி 10 மணி நேரம். அறுவைக்கு 48 மணி நேரம் வரை அவகாசம் என்ற பழைய எல்லையைச் சொல்லி யாரும் ஆறுதல்பட வேண்டாம். அது காத்திருக்க அனுமதி தரும் எல்லை அல்ல. முழுத் தேக்கம் வருவதற்கு முன்பே அழுத்தத்தை எடுத்தவர்களுக்கே சிறுநீர்ப்பை நன்றாக மீள்கிறது.

முழு மயக்கம் கொடுக்கப்பட்டது. நரம்பு இவ்வளவு நசுங்கிய நிலையில் முதுகில் ஊசி போட்டு மரக்கவைக்க நாங்கள் விரும்புவதில்லை. பின்னால் பலவீனம் கூடினால் காரணம் எது என்று பிரித்தறியவும் முடியாது. குப்புறப் படுக்கவைத்து வயிறு எதிலும் அழுந்தாமல் தொங்கும்படி தாங்கிகள் வைக்கப்பட்டன. வயிறு அழுந்தினால் கால்வாய்க்குள் இருக்கும் சிரைகள் புடைத்து, இரத்தம் நிற்காது. அறுவை மேசையிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியில் மட்டம் உறுதிசெய்த பிறகே தோல் வெட்டப்பட்டது.

சின்ன டிஸ்க்குக்குப் போடும் சிறு ஜன்னல் இங்கே போதாது. எல்4 எலும்பின் பின்தகடான லாமினா அகலமாக எடுக்கப்பட்டு, மஞ்சள் தசைநார் முழுதும் நீக்கப்பட்டது. பக்கவாட்டு மூட்டுகளில் பாதிக்கு மேல் காப்பாற்றப்பட்டது. அவை போனால் முதுகெலும்பு ஆட்டம் காணும். பின்பக்கம் இடம் கிடைக்கும் முன் உறையை ஒருபக்கமாக இழுத்தால், ஏற்கெனவே நசுங்கிய வேர் இரண்டாம் முறை நசுங்கும். எனவே முதலில் எலும்பு, பிறகு தசைநார், கடைசியில்தான் டிஸ்க். உறை தட்டையாக, வெளிறி, துடிப்பில்லாமல் இருந்தது. ஓரத்திலிருந்து மெல்ல வருடி எடுத்ததில் நண்டுச் சதை போல் வெண்மையான, இழையிழையான துண்டு ஒன்று, சுமார் 3 செ.மீ. நீளம், ஒரே உருவில் வந்தது. அதன் பின்னால் இரண்டு சிறு துண்டுகள். கொஞ்ச நேரத்தில் உறை உப்பி, மூச்சுக்கும் இதயத்துக்கும் ஏற்பத் துடிக்கத் தொடங்கியது. உறை கிழியவில்லை. நேரம் 1 மணி 50 நிமிடம்; இரத்த இழப்பு 150 மி.லி.

முதுகில் ஊசி போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு

இதே உடற்கூற்றியல் தினமும் பயன்படுவது சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போதும், திரவம் எடுக்கும்போதும். இடுப்பெலும்பு முகடுகள் இரண்டையும் இணைக்கும் கோடு எல்4-ஐ அல்லது எல்4–எல்5 இடைவெளியைக் கடக்கும். ஆனால் கையால் தடவிக் கண்டுபிடிக்கும் இடைவெளி, நாம் நினைப்பதைவிட ஒரு மட்டம் மேலே இருப்பது சாதாரணம். பருமனானவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இன்னும் அதிகம். எல்2–எல்3 என்று நினைத்துக் குத்துபவர் உண்மையில் எல்1–எல்2-இல் குத்திவிடலாம். அங்கே கோனஸ் இருக்கிறது. எல்3–எல்4-க்கு மேலே போகாமலிருந்தால் ஒரு மட்டம் தவறினாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். குழந்தைகளிடம் இன்னும் கீழே. இடுப்பின் கீழ் நடுவில் முடிக்கற்றை, குழி, கொழுப்புக் கட்டி தெரிந்தால் தண்டுவடம் கீழே கட்டுண்டு கிடக்கலாம்; எம்ஆர்ஐ பார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது.

ஊசி நுழைந்ததும் ஒரு காலில் மின்னல் போல் வெட்டினால் நிறுத்தி, ஊசியை வெளியே எடுக்க வேண்டும், மருந்தைச் செலுத்தக்கூடாது. குதிரைவால் வேர்கள் திரவத்தில் மிதப்பதால் பெரும்பாலும் ஊசிக்கு விலகிக்கொள்ளும். கோனஸ் விலகாது.

அதன்பின்

மறுநாளே கால்வலி இல்லை. கணுக்கால் தூக்கும் வலிமை இடப்பக்கம் 3-இலிருந்து ஒரு வாரத்தில் 4 ஆனது. சிறுநீர்ப்பை அப்படி ஓடிவரவில்லை. மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் முக்கி 150 மி.லி. போனார், மீதம் 450 மி.லி. அந்த இடத்தில் நிரந்தரக் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவது எளிது. தொற்றும், சுருங்கிய பையும், மன உடைவும் பின்னாலேயே வரும். அதற்குப் பதில், தானே குழாய் விட்டு எடுக்கும் முறை கற்பிக்கப்பட்டது.

14 எண் நெலட்டான் குழாய். சோப்பால் கை கழுவி, நின்றோ உட்கார்ந்தோ, ஆணுறுப்பை மேல்நோக்கிப் பிடித்தால் பாதையின் வளைவு நிமிரும். மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் ஜெல் தடவி மெதுவாக விட, 15 முதல் 20 செ.மீ.யில் சிறுநீர் வரும். வந்ததும் இன்னும் 2, 3 செ.மீ. உள்ளே தள்ளி, முழுதும் வடியவிட்டு, மெல்ல வெளியே எடுக்க வேண்டும். உணர்வு இல்லாததால் வலி எச்சரிக்காது. தடை தட்டினால் அழுத்தாமல் நிறுத்தி, நீண்ட மூச்சு விட்டு மறுபடி முயல வேண்டும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் 400 மி.லி.க்கு மிகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மிகுந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், தண்ணீரை நிறுத்தக்கூடாது. கடலூர் வெயிலில் தண்ணீர் குறைத்தால் கல்லும் தொற்றும் வரும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நேரமும் அளவும் மனைவி எழுதி வந்தார். அந்த நோட்டுதான் ஒவ்வொரு முறையும் மருந்தை விட அதிகம் உதவியது.

மலச்சிக்கலுக்குக் காலை உணவு முடிந்து அரை மணிக்குள், தினமும் அதே நேரத்தில் உட்காரப் பழக்கினோம். சாப்பிட்டவுடன் குடலுக்கு வரும் உந்துதலைப் பயன்படுத்திக்கொள்வதே இதன் நோக்கம். உணர்வில்லாத பிட்டத்தில் புண் வராமலிருக்க, நீண்ட நேரம் உட்கார்ந்தால் அவ்வப்போது எழச் சொன்னோம். சூடான வண்டி சீட்டில் உட்காரும் முன் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். ஆண்மை பற்றி அவராகக் கேட்கவில்லை. ஆறாவது வாரத்தில் நாங்களே கேட்டோம். விறைப்பு ஓரளவு இருந்தது, உணர்வு குறைவு. கேட்டதே அவருக்கு ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

ஆறாவது வாரத்தில் மீதம் 180 மி.லி.; குழாய் தினம் இரண்டு முறையாகக் குறைந்தது. மூன்றாம் மாதம் 80 மி.லி.; குழாய் நிறுத்தப்பட்டது. ஆறாம் மாதம் அல்ட்ராசவுண்டில் சிறுநீரகங்கள் இயல்பு, மீதம் 60 மி.லி. கணுக்கால் வலிமை இரு பக்கமும் ஏறக்குறைய இயல்பு; இடது கணுக்கால் அனிச்சை வரவில்லை, இனி வராமலே போகலாம். முட்டும் உணர்வு மங்கலாகத்தான் இருக்கிறது, அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போகிறார். பெட்டி தூக்குவதில்லை, துறைமுகத்திலேயே எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. கழுவும்போது வலப்பக்கம் தண்ணீரின் குளிர்ச்சி தெரிகிறது. இடப்பக்கம் தண்ணீர் பட்டது மட்டும் தெரிகிறது. குளிர்ச்சி இன்னும் தெரியவில்லை.